பல்சக்கரங்களின் நடுவே ஒரு தாள்

என் வீட்டுக்காரிக்கு,

நான் நலம். உன் கழுத்து வலி தேவலையா? அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறாளா?

நேற்று கடையில் ஒரு கூத்து. ஒரு பல் டாக்டருடைய ரிமோட் ஹெலிகாப்டருக்கு, வால் விசிறியைச் சுழற்றும் பல்சக்கரங்கள் இரண்டை மாட்டினேன். இரண்டும் இறுக்கிக் கடித்தால் தேய்ந்துபோகும். தள்ளி நின்றால் வழுக்கிப் பல் உதிரும். அதனால் நடுவில் மெல்லிய தாளைக் கொடுத்து, நெருக்கி, ஸ்க்ரூவை முடுக்கியபின் தாளை உருவிவிடுவோம். நேற்று நான் வைத்தது தடித்த அட்டை. இடைவெளி கூடிப்போயிற்று. மேலே போனதும் பற்கள் உதிர்ந்து, வால் விசிறி நின்று, ஹெலிகாப்டர் பம்பரமாகச் சுற்றி விழுந்தது. யாருக்கும் அடியில்லை, பயப்படாதே. முதலாளி முறைத்தார். டாக்டர்தான், "விடுப்பா, பல்லு போனா கட்டிக்கலாம்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இத்தனை நாளும் உன் கடிதங்களின் ஓரத்தைத்தான் கிழித்துச் சக்கரங்களுக்கு நடுவில் வைப்பேன். அந்தத் தாள் அளவெடுத்தாற்போல இருக்கும். "போன்லதான் பேசுறோமே, எதுக்கு லெட்டர்?" என்று சொன்னவன் நான்தான். நீயும் நிறுத்திவிட்டாய். போனில் மருந்து, கரண்ட் பில் என்று பேசி வைத்துவிடுகிறோம். நேற்று உன் கடைசிக் கடிதத்தை எடுத்தேன். ஓரமெல்லாம் தீர்ந்து, உன் எழுத்துதான் மிச்சம். கிழிக்க மனசு வராமல்தான் அட்டையைத் தேடினேன்.

அதே தாளில் எழுது. ஓரம் தாராளமாக விடு. முதலாளி கூப்பிடுகிறார், போகிறேன்.

ஓரம் விடாவிட்டாலும் சரி, எழுது.

உன் வீட்டுக்காரன்