ஒரே ஒரு ஒயர்

ஜூன் 3, செவ்வாய்

மேல்காற்று. ஜன்னலைத் திறந்தால் மேசையெல்லாம் துறைமுகத்துக் கரித்தூள். திறக்காவிட்டால் புழுக்கம். பாதி திறந்து, தடிப்புத்தகம் ஒன்றை முட்டுக் கொடுத்திருக்கிறேன்.

சாம்பல் நிறப் பெட்டியை இன்று பிரித்தேன். தொண்ணூறுகளில் வந்த டிவி கேம், ஜப்பான் சரக்கு, கேசட் போட்டு விளையாடும் ரகம். சனிக்கிழமை முத்தையா அண்ணாச்சி கடையில் எடுத்தது. பழைய டிவி, ஸ்பீக்கர், கப்பலிலிருந்து இறங்கும் தட்டுமுட்டுச் சாமான் எல்லாம் விற்கிறவர். "இதுல உயிர் இல்ல தம்பி, பாத்துக்கிடுங்க" என்று சொல்லித்தான் தந்தார்.

செய்தது:
- மூடி இரண்டும் சோப்புத் தண்ணீரில். பழைய டூத் பிரஷ்.
- கேசட் செருகும் செம்புப் பின்கள்: ஸ்பிரிட், பஞ்சு. பஞ்சு வெள்ளையாகவே வந்தது.
- மின்சாரம் உள்ளே வரும் சிவப்பு ஒயர் அறுந்திருந்தது. ஈயம் வைத்து ஒட்டினேன். பெட்டி ஓடிவிட்டது.

மொத்தம் இருபது நிமிடம். கிரேஸ் எட்டிப் பார்த்தாள்.

"சரியாயிட்டா?"

"ஆயிட்டு."

"நீங்க பெரிய ஆளுதாங்க."

என் பெண்டாட்டி இப்படியெல்லாம் லேசில் சொல்கிறவள் இல்லை. சந்தோஷம்தான். ஆனால் பஞ்சு ஏன் வெள்ளையாக வந்தது? இந்த ஊரில் செம்பு என்று ஒன்று இருந்தால் அதன்மேல் பச்சைக் களிம்பும் இருக்கும். உப்புக்காற்று எதையும் விட்டுவைக்காது.

ஜூன் 4, புதன்

ஆபீசில் ஒரு கன்டெய்னர். பில்லில் ஒரு கனம், எடைமேடையில் வேறு கனம். நாள் முழுக்க அதே வேலை. கிளியரிங் ஏஜென்ட் கம்பெனியில் பதினாறு வருடமாக நான் பார்ப்பது இதைத்தான்: தாளில் சொன்னதும் பெட்டிக்குள் இருப்பதும் ஒன்றுதானா?

அந்தப் புத்தியோடு வீட்டுக்கு வந்து சாம்பல் பெட்டியை மறுபடி திறந்தேன். லென்ஸ் வைத்துப் பார்த்தேன்.

போர்டில் கபாசிட்டர் எட்டு, வயதானால் ஒழுகிக் கெட்டுப்போகும் பாகம். எட்டும் புதிது. முப்பது வருடத்துப் பெட்டியில் புதுக் கபாசிட்டர். ஈயம் பளபளவென்று, ஒவ்வொன்றும் ஒரே அளவு. நான் வைத்தால் அப்படி வராது, சப்பாத்திக்கு உருட்டின மாவு மாதிரி ஒன்று பெரிது ஒன்று சிறிது. அறுந்த ஒயரின் நுனி வேறு நேராக இருந்தது. பிய்ந்ததல்ல. கட்டரால் வெட்டியது.

கஷ்டமான வேலையை எல்லாம் யாரோ செய்து முடித்துவிட்டு, சுலபமான ஒயரை வெட்டிவிட்டு, செத்துப்போன பெட்டி என்று கடையில் போட்டிருக்கிறார்கள்.

எதற்கு? தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

ஜூன் 5, வியாழன்

லீவு போட்டேன். வயிற்றுவலி என்று சொன்னேன். அலமாரியில் இருக்கும் ஒன்பதையும் பிரித்துவிட்டேன். பதினோரு மணிக்கு கிரேஸ் வந்து பார்த்துவிட்டுப் போனாள். கட்டில், நாற்காலி, தரை எங்கும் ஸ்க்ரூ.

கணக்கு இதுதான்:
1. சாம்பல் பெட்டி: உள்ளே எல்லாம் புதிது. ஒயர் மட்டும் வெட்டு.
2. கறுப்பு, சி.டி. போடுவது: லென்ஸ் மாற்றியிருக்கிறது. எனக்கு வந்தபோது ஃபியூஸ் மட்டும் இல்லை.
3. வெள்ளை: போர்டில் பெரிய ரிப்பேர். எனக்கு வந்தபோது சுவிட்ச் கழன்றிருந்தது.
4 முதல் 7 வரை: அதேபோல். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு குறை. ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்தவர் யாரும் சரிசெய்துவிடலாம்.
8, 9: நானே பாளையங்கோட்டையில் ஒரு வீட்டில் நேராக வாங்கியவை. இரண்டும் இன்றுவரை ஓடவில்லை.

ஏழும் அண்ணாச்சி கடையில் எடுத்தவை. ஏழிலும் ஒரே கை. ஈயம் வைத்த விதத்தில் தெரிகிறது. ஒயர் முனைக்கெல்லாம் நீலக் குழாய் மாட்டியிருக்கிறது. இத்தனை நாள் நான் பார்த்த நீலம்தான். கம்பெனி போட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மடையன்.

ஒன்பதைச் சரிசெய்தவன் என்று ஆபீசில் சொல்லிவைத்திருக்கிறேன். ஏழு என்று குறைத்துச் சொல்லியிருந்தாலும் பொய்தான். ஓடாத இரண்டையும் சேர்த்துச் சொன்னது தனிப் பொய்.

ஜூன் 7, சனி

அண்ணாச்சி கடை. போனதும் கேட்டேன், இந்த டிவி கேம் எல்லாம் யார் கொண்டுவந்து தருகிறார்கள் என்று.

"பல பேரு வாரான். எவன் மொகத்த நான் ஞாபகம் வச்சிக்கிட?"

"ஏழும் ஒரே ஆள் கைபட்டது அண்ணாச்சி."

அண்ணாச்சி ஒரு பழைய ரேடியோவைத் துடைக்க ஆரம்பித்தார். ஏற்கெனவே துடைத்த ரேடியோ.

"ஓடுதுல்லா? ஓடுதுன்னா வச்சி வெளாடுங்க தம்பி. எதுக்கு இத்தன கேள்வி?"

வருகிற வழியில் யோசித்தது: (அ) அண்ணாச்சியே ரிப்பேர் செய்கிறாரா? அவருக்குக் கை நடுக்கம். (ஆ) திருட்டுச் சரக்கா? திருடியவன் எதற்குக் கபாசிட்டர் மாற்றுகிறான்? (இ) எனக்குப் பைத்தியமா?

இப்போதைக்கு (இ).

ஜூன் 8, ஞாயிறு

வெயில். சர்ச்சில் ஆராதனை முடிந்து வந்து, கழுவிய மூடிகளைக் காயவைக்க மொட்டைமாடிக்குப் போனேன். கிரேஸ் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். முதுகு என் பக்கம், தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன். காற்று அவள் பேச்சை அப்படியே என்னிடம் கொண்டுவந்தது.

"அத்தானுக்குச் சந்தேகம் வந்துட்டு ஜெபா. எல்லாத்தயும் பிரிச்சிப் போட்டுட்டு, ஒயர வெட்டிருக்குன்னு பொலம்பிட்டு உக்காந்திருக்காவ. கட்டர் வச்சி வெட்டுனா எப்படிலே? கொஞ்சம் பிச்சி விட்டுருக்கக் கூடாதா?"

மூடியோடு கீழே இறங்கிவிட்டேன். மாடிப்படியில் எதற்காக இறங்குகிறோம் என்று தெரியாமல் இறங்கினேன்.

ஜெபா என்றால் ஜெபராஜ். கிரேஸின் தம்பி. துறைமுகத்தில் எலக்ட்ரீசியன், மீன் ஏற்றும் குளிர்ப்பெட்டிகள் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்கிறவன். நான் அவனோடு பேசி நாலு வருடம்.

காரணத்தை இதுவரை எங்கும் எழுதியதில்லை. நாசரேத்தில் கிரேஸின் சித்தி மகளுக்கு நிச்சயதார்த்தம். மைக் செட் நின்றுவிட்டது. "நான் பாக்கேன்" என்று வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு போய்க் கையை விட்டேன். பந்தல் முழுக்க இருட்டு. சர்ச் போதகர், நாங்கள் ஐயர் என்போம், ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தார். ஜெபராஜ் வந்தான், இரண்டு நிமிடத்தில் எல்லாவற்றையும் எரியவைத்தான், மைக்கைத் தட்டிப் பார்த்தான், அதிலேயே சொன்னான்: "அத்தான், இனிமே நீங்க பேனா மட்டும் புடிங்க." முந்நூறு பேர் சிரித்தார்கள். ஐயரும் சிரித்தார்.

அந்த வாரம்தான் ஈயம் வைக்கிற சால்டரிங் அயர்ன் வாங்கினேன். பழைய டிவி கேம் சேர்க்கிற ஆசை எப்படி வந்தது என்று கேட்பவர்களிடம் சின்ன வயது ஆசை என்று சொல்வேன். சின்ன வயதில் எங்கள் வீட்டில் டிவியே இல்லை. ஜெபராஜ் முன்னால் என் கைக்கும் வேலை வரும் என்று காட்டவேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

அப்படிக் காட்டிய ஏழும் அவன் செய்தது.

ஜூன் 9, திங்கள்

பேசவில்லை. சாம்பார், முட்டைக்கோஸ்.

கிரேஸ்: "உப்பு சரியா இருக்கா?" தட்டைக் கழுவப் போனேன். உப்பு அதிகம்தான்.

ஜூன் 11, புதன்

இன்று காலை ஆபீசுக்குக் கிளம்புகிற நேரத்தில் வெடித்துவிட்டது. ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டே சண்டை போட்டேன்.

"அக்காளும் தம்பியும் சேர்ந்து என்னை வச்சி வெளாடுதிய, என்ன?"

"மொத வருசம் நீங்க தூக்கிட்டு வந்ததுல ஒண்ணாவது ஓடிச்சா? நாலும் பொகஞ்சி போச்சி. சோறு எறங்கல உங்களுக்கு. அந்த ரூமுக்குள்ளயே மொகத்த தூக்கி வச்சிட்டுக் கெடந்திய. நாந்தான் அவன்ட்ட சொல்லி அழுதேன். மத்தது அவனாச் செஞ்சது. உங்களுக்குன்னு அண்ணாச்சி கடையில குடுத்து வச்சதும் அவந்தான்."

"அப்ப அவனே முழுசா சரிபண்ணிக் குடுக்க வேண்டியதுதான?"

"அவன் குடுத்தா வாங்கிருப்பியளா?"

வாங்கியிருக்க மாட்டேன்.

"அதுக்காக ஒரு ஒயர வெட்டணுமா?"

"எதயாவது நீங்க செய்யணும்லா."

அவள் அழுதாள். எனக்குக் கோபமா, வெட்கமா? இரண்டும் ஒன்றாக வந்தால் எதை முதலில் படுவது? ஆபீசில் ஒரு பில்லில் நாட்டின் பெயரையே மாற்றி அடித்துவிட்டேன்.

குழப்பம் இதுதான். டியூட்டி முடிந்து, வீட்டில் உட்கார்ந்து, எட்டு கபாசிட்டர் மாற்றி, கடைசியில் எனக்காக ஒரு ஒயரை விட்டுவைக்கிறான் ஒருவன். அது கிண்டலா? கிண்டலுக்கு யாராவது எட்டு கபாசிட்டர் மாற்றுவார்களா? ஏழு பெட்டிக்கு? கிண்டல் இல்லையென்றால் நாலு வருடம் ஏன் ஒரு போன் இல்லை? நான் செய்தேனா? நானும் செய்யவில்லை.

ஜூன் 12, வியாழன்

முடிவு. யாருடைய கையும் படாத பெட்டி ஒன்றை நானே ரிப்பேர் செய்வேன்.

ஓட்டப்பிடாரத்தில் ஒரு வாத்தியார் வீட்டுப் பரணில் ஒன்று இருப்பதாக ஆபீசில் கேள்விப்பட்டேன். மாலையில் பைக்கில் போய் எடுத்துவந்தேன். பல்லி முட்டை இரண்டு, பின் எல்லாம் பச்சைக் களிம்பு, கபாசிட்டர் ஒழுகிப் போர்டே கறுத்திருந்தது. பார்த்ததும் அப்படி ஒரு நிம்மதி. இது சுத்தமான அழுக்கு.

வாத்தியார்: "ஓடுமாய்யா?" "ஓட வச்சிருவேன் சார்." எங்கிருந்து வந்ததோ இந்த வாய்.

ஜூன் 14, சனி

காலை முழுக்கக் களிம்பு எடுத்தேன். பஞ்சு பச்சையாக வந்தது. சந்தோஷம்.

மத்தியானம் முதல் கபாசிட்டர். வரவில்லை. சூடு வைத்தேன். வரவில்லை. இன்னும் சூடு வைத்து ஆட்டினேன். வந்தது, கூடவே போர்டில் ஒட்டியிருந்த செம்புக் கோடும் உரிந்து வந்தது. ட்ராக் போனால் மின்சாரம் போகிற பாதையே போச்சு. இரண்டாவதிலாவது ஜாக்கிரதையாக இருப்போம் என்று இருந்தேன். அதிலும் அதே கதி.

போர்டைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். பேனா மட்டும் புடிங்க.

கிரேஸ் டீ கொண்டுவந்து வைத்தாள். போர்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "சரியாயிட்டா" என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் கத்தியிருப்பேன். கேட்காததற்கும் கோபம் வந்தது.

ஜூன் 15, ஞாயிறு

காற்று இன்று குறைவு. ஆராதனையில் பிரசங்கம் என்னவென்று கேட்டால் சொல்லத் தெரியாது.

வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் போனை எடுத்தேன். அவன் நம்பர் இன்னும் "மாப்ள" என்றுதான் இருக்கிறது. மூன்றாவது ரிங்கில் எடுத்தான். அந்தப் பக்கம் குளிர்ப்பெட்டிகளின் இரைச்சல்.

"அத்தானா?"

நலம் விசாரிக்கவில்லை. விசாரிக்க ஆரம்பித்தால் வேறெங்கோ போய் நிற்கும் என்று பயம்.

"கபாசிட்டர் எடுக்கும்போது ட்ராக் பேந்து வந்துட்டு மாப்ள. ரெண்டு எடத்துல. எனக்கு வரல."

இரைச்சல் குறைந்தது, தள்ளி வந்து நின்றிருப்பான்.

"சூடு ரொம்ப வச்சிட்டியளோ?"

"ஆமா."

"எல்லாருக்கும் ஆகுததுதான். நானே எத்தன போர்ட உரிச்சிருக்கேன். கைய வைக்காம அப்படியே போட்டு வைங்க அத்தான். நாலு மணிக்கு டூட்டி முடியுது. நேரா வாரேன்."

அவ்வளவுதான். அந்தப் பந்தலைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. பேசியிருக்கவேண்டுமா?

கிரேஸ் அடுப்படியில் எதையோ வறுக்கிறாள். நான் சொல்லவே இல்லை, எப்படித் தெரியும்?

மணி நாலே கால். மேசையைத் துடைத்தேன். அலமாரியில் அவன் சரிசெய்த ஏழும் வரிசையாக இருக்கின்றன, ஒவ்வொன்றின் முன்னாலும் நான் ரிப்பேர் முடித்த தேதி எழுதி ஒட்டிய சீட்டு. சீட்டைக் கிழித்துவிடவா? கிழித்தால் அவன் வேலையை அவனுக்கே திருப்பித் தந்த மாதிரி இருக்குமோ? விட்டால் வெட்கக்கேடு. இரண்டைக் கிழித்தேன். மறுபடி ஒட்டப் பசை தேடுகிறேன்.

பைக் சத்தம். கிரேஸ் கதவைத் திறக்கப் போய்விட்டாள்.