ஓப்ராக்கில் மூன்று மணி நேரம்

லீல்
12 மார்ச் 2023

அன்புள்ள அம்மா,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. இந்தக் கோடையில் மூன்று பேரும் காரில் ஊர் ஊராகப் போகலாம் என்று நீ எழுதியிருந்ததைப் பேருந்திலேயே மூன்று முறை படித்தேன். டயாலிசிஸ் ஆரம்பித்த இந்த நான்கு வருடத்தில் நீ வில்லெரை விட்டு வெளியே ஓர் இரவுகூடத் தங்கியதில்லை.

தெற்கே ஓப்ராக் மேட்டுநிலம் வரை போக வேண்டும், வேறு நிறத்து மாடுகளைப் பார்க்க வேண்டும் என்கிறாய். முப்பது வருடமாக நம் ஊர் மாடுகளின் பாலை டேங்கரில் சேகரிக்கும் அப்பா இதற்கு என்ன சொன்னார்?

விடுமுறைக்குப் போகிறவர்களுக்கு வழியிலுள்ள ஊர்களின் டயாலிசிஸ் மையங்களில் இடம் தருவார்களாம். முன்கூட்டியே கேட்க வேண்டும், அவ்வளவுதான். உன் டயாலிசிஸ் நாட்களான திங்கள், புதன், வெள்ளியில் எங்கே இருக்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டால் மற்ற நாட்கள் தாமாக அமைந்துவிடும். அலுவலகத்தில் நாள் முழுக்கப் பேருந்துகளுக்குத் தடமும் நேர அட்டவணையும் போடுகிறேன். என் அம்மாவுக்கு ஒன்று போட மாட்டேனா?

அன்புடன்,
உன் ஓஃபெலி


வில்லெர்
27 மார்ச் 2023

அன்பு மகள் ஓஃபெலிக்கு,

நாற்காலியில் இருந்தபடி எழுதுகிறேன். இடது கை மெஷினுக்கு, வலது கை உனக்கு. கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

பயணத்தைப் பற்றிப் பக்கத்து நாற்காலி ஜினெத்திடம் சொன்னேன். "ஏன்டி ஓடில், இந்த மெஷினக் கார் டிக்கியில ஏத்திக்கிட்டா போகப் போற?" என்று கேட்டாள். நர்ஸ் சிரித்ததில் ஊசியைக் குத்த மறந்து நின்றாள்.

அப்பா புது வரைபடம் வாங்கிவிட்டார். நெடுஞ்சாலையே வேண்டாம், சின்னச் சாலைகளில்தான் போக வேண்டும் என்கிறார். நெடுஞ்சாலை ஓரத்து இரைச்சல் தடுப்புச் சுவரைப் பார்க்கவா இவ்வளவு தூரம் போகிறோம் என்று என்னோடு சண்டை. நான் நெடுஞ்சாலை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாடு பற்றிக் கேட்டாயே, தன்னைப் பார்த்தால் பால் எடுக்க வந்தவர் என்று ஓப்ராக் மாடுகள் பயந்துவிடும் என்கிறார்.

ஈஸ்டருக்கும் வர மாட்டாய் போலிருக்கிறது. வேலை புதிது, லீவு கேட்கக் கூச்சம் என்பாய். நீ சின்ன வயதில் ரொட்டிக் கடையில் மீதிச் சில்லறை கேட்கவே கூச்சப்பட்டவள்.

முத்தங்களுடன்,
அம்மா


லீல்
4 ஜூன் 2023

அன்புள்ள அம்மா,

முடித்துவிட்டேன். வரைபடம் இதோடு இருக்கிறது.

ஆகஸ்ட் 19 சனிக்கிழமை புறப்பட்டு, பன்னிரண்டாம் நாள் திரும்புகிறோம். வழியில் ஐந்து டயாலிசிஸ். பதினெட்டு மையங்களைக் கேட்டேன். ஆகஸ்டில் ஊழியர்களும் விடுமுறையில் போய்விடுவதால் பல இடங்களில் நாற்காலி இல்லை. இடம் தந்த ஐந்தையும் சிவப்புப் புள்ளியாகக் குறித்திருக்கிறேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். தெற்கே நேராகப் போக முடியவில்லை. வழியில் ஷரோலே வட்டாரத்தின் வெள்ளை மாடுகளைப் பார்த்த பிறகு, புதன்கிழமைக்காக மேற்கே எண்பது கிலோமீட்டர் விலக வேண்டும். மெஷின் முடிந்த நாளில் நீ படுத்துத்தான் கிடப்பாய், அதனால் அன்று எதுவும் வைக்கவில்லை. மேட்டுநிலத்தில் மையமே கிடையாது. கீழே உள்ள ஊரில் வெள்ளிக்கிழமை மதியம் ஒரே ஓர் இடம். அடுத்த திங்கட்கிழமைக்கான இடமோ வெகு தொலைவில். அங்கிருந்து கணக்குப் போட்டால், ஓப்ராக்கில் நமக்கு மூன்று மணி நேரம் கிடைக்கிறது. வேறு எப்படிப் போட்டாலும் அதற்குமேல் வரவில்லை. இரண்டு வாரமாக முயன்றேன்.

மூன்று மணி நேரம் குறைவுதான். ஆனால் இருக்கிறது.

அன்புடன்,
ஓஃபெலி


வில்லெர்
19 ஜூன் 2023

என் செல்ல ஓஃபெலிக்கு,

உன் வரைபடத்தை அப்பா சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கிறார். வீட்டுக்கு வருகிற எல்லாரையும் அதன் முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிறார். தபால்காரர்கூடத் தப்பவில்லை. "எம் பொண்ணு போட்டது, புள்ளி கூடப் பிசகாது" என்கிறார்.

இனி எந்த மையத்திடமும் இடம் கேட்காதே, கண்ணு. கிடைத்த ஐந்தையும் திருப்பிக் கொடுத்துவிடு. வேறு யாராவது போகட்டும்.

ஆகஸ்ட் 18 வெள்ளிக்கிழமைதான் என் கடைசி டயாலிசிஸ். அதற்கு மேல் வேண்டாம் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டேன். அவர் பதினைந்து நாள் இடைவெளி விட்டு இரண்டாம் முறையும் கேட்டார். அதே பதிலைச் சொன்னேன். நிறுத்திய பிறகு ஒரு வாரம், பத்து நாள், சிலருக்கு இன்னும் கொஞ்சம் என்றார். முதல் நாட்களில் நன்றாகவே இருப்பேனாம். கடைசியில் வலியில்லாமல் பார்த்துக்கொள்ள நாம் போகிற ஓப்ராக்கிலேயே நர்ஸ் வந்து போவதற்கு ஏற்பாடு செய்கிறார்.

இதை எப்படி எழுதுவது என்று மூன்று தாள் கிழித்தேன். கோபித்துக்கொள்.

அம்மா


லீல்
24 ஜூன் 2023

அம்மா,

கோபித்துக்கொள்ள அனுமதி தந்ததற்கு நன்றி.

பயணம் வேண்டாம். நான் எங்கும் வரவில்லை. நீ திங்கட்கிழமை போ, புதன்கிழமை போ, வெள்ளிக்கிழமை போ. என் சிறுநீரகத்தைத் தருகிறேன் என்றேன், உன் இதயம் அறுவை சிகிச்சையைத் தாங்காது என்றார்கள். சரி. அதற்காக மெஷினையும் விட்டுவிடுவதா?

அந்த வரைபடத்தை நான் அனுப்பியிருக்கக் கூடாது. உன் நாட்களை எல்லாம் கோடுபோட்டு, உன் கண் முன்னாலேயே காட்டிவிட்டேன். மூன்று மணி நேரம் என்று எழுதினேனே, ஒரு நாள் என்று பொய் சொல்லியிருக்கலாம். நம் வீட்டில் படித்தவள் நான் ஒருத்திதான். படித்து நான் செய்தது இதுதான்.

தொலைபேசியில் கூப்பிடாதே. அழுதால் என்னால் பேச முடியாது. எழுது. மனம் மாறிவிட்டது என்று எழுது.

ஓஃபெலி


வில்லெர்
3 ஜூலை 2023

என் மகளுக்கு,

நிறுத்துவதைப் பற்றி டாக்டரிடம் நான் முதலில் கேட்டது பிப்ரவரியில். நீ அப்போது வரைபடத்தை ஆரம்பிக்கவே இல்லை. உன்னிடம் நேராகச் சொல்லத் தைரியம் வரவில்லை, அதனால்தான் பயணம் போகலாம் என்று எழுதினேன். தப்பு என்னுடையது. உன் கோடுகளில் ஒரு தப்பும் இல்லை.

ஒவ்வொரு முறையும் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கும்போது நான் குறைந்துகொண்டு வருகிறேன். உனக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டேன். நீ ஈஸ்டருக்கு வராதது அந்த வகையில் நல்லதாகப் போயிற்று.

அப்பாவிடம் சொன்ன அன்று மாலை அவர் வெளியே போய் டேங்கரைக் கழுவினார். காலையில்தான் கழுவியிருந்தார். உள்ளே வந்து ஈரக் கையோடு நின்று, "நான் ஓட்டறேன், ஓடில். எங்க வேணா ஓட்டறேன். திரும்பி வர்றதப் பத்தி மட்டும் எங்கிட்ட யாரும் பேசாதீங்க" என்றார். அதற்குப் பிறகு இதைப் பற்றி அவர் பேசவே இல்லை.

ஓப்ராக் பக்கம் உருளைக்கிழங்கை மசித்துச் சீஸ் போட்டு, கரண்டியில் நூல் நூலாக இழுத்துப் பரிமாறுவார்களாம். எனக்கு நான்கு வருடமாக இரண்டும் விலக்கு. ஒரு தட்டு நிறையச் சாப்பிடுவேன். ஒரு முலாம்பழம். ஒரு பெரிய குவளைத் தண்ணீர், அளக்காமல்.

மனம் மாறவில்லை, கண்ணு. நீ வருவாயா என்று மட்டும் எழுது.

அம்மா


லீல்
9 ஆகஸ்ட் 2023

அன்புள்ள அம்மா,

ஒரு மாதம் பதில் எழுதாமல் இருந்துவிட்டேன். மன்னித்துவிடு.

இடம் வேண்டாம் என்று ஐந்து மையங்களுக்கும் எழுதிவிட்டேன். ஒருவரும் காரணம் கேட்கவில்லை.

புது வழியைப் போட்டேன். புள்ளிகளை எடுத்ததும் நேராக வந்துவிட்டது. இருபது நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டே நாளில் ஓப்ராக் வந்துவிடும்.

அங்கே ஒரு பண்ணை வீட்டில் கீழ்த்தளத்து அறைகள் பேசியிருக்கிறேன். படி ஏற வேண்டாம். நர்ஸ் இருக்கும் கிராமம் பத்து நிமிடத் தூரம். போன் செய்யும் முன் பேச வேண்டியதை எல்லாம் தாளில் எழுதிவைத்துக்கொண்டேன்: மூன்று பேர், தாழ்வான கட்டில், ஜன்னல் மேய்ச்சல் பக்கம். எல்லாம் ஒழுங்காகச் சொன்னேன். கடைசியில் பண்ணை வீட்டு அம்மா, "எத்தன ராத்திரி தங்குவீங்க?" என்று கேட்டார்.

தாளில் அது இல்லை.

இணைப்பு அறுந்துவிட்டது என்று நினைத்து, அவர் "அலோ, அலோ" என்றார். செப்டம்பர் கடைசிவரை எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். "அவ்வளவு நாளா? அதுக்குள்ள குளிர் வந்துடுமேம்மா" என்றார். பரவாயில்லை, எழுதுங்கள் என்றேன்.

பதினெட்டாம் தேதி வெள்ளிக்கிழமை மதிய ரயிலில் வந்துவிடுவேன். கடைசி நாற்காலியிலிருந்து நீ எழுந்திருக்கும்போது பக்கத்தில் நான் இருப்பேன்.

உன்
ஓஃபெலி