எட்டாம் நம்பர் இல்லாத ரத்தம்

அக்டோபர் 6, திங்கள்

மழை மூட்டம். தூறல் இல்லை. சந்தைக்குப் போகவில்லை. தீபாவளிக்கு முந்தின சந்தை. மாட்டுத் தரகுக்கு இறங்கிய காலத்தில் இருந்து இதைத் தவறவிட்டதில்லை.

இடது கை முழங்கைக்குக் கீழே கல் மாதிரி. நிறம் கத்தரிக்காய். தொடையில் புதுசாக ஒன்று, உள்ளங்கை அகலம். அடி எதுவும் படவில்லை. படுத்து எழுந்தால் இருக்கிறது.

முதலில் கை வீங்கினபோது, காளை கயிற்றை இழுத்ததில் சுளுக்கு என்றுதான் நினைத்தேன். கால் பிசகின மாட்டுக்கும் மனுசனுக்கும் நாங்கள் போவது ஒரே வைத்தியரிடம். விளக்கெண்ணெய் போட்டு அழுத்தி நீவினார். "நரம்பு சுருட்டிக்கிச்சுங்க, கொஞ்சம் பொறுத்துக்கங்க." பல்லைக் கடித்துப் பொறுத்தேன். காசு கொடுத்துக் கும்பிடும் போட்டேன். உள்ளே ரத்தம் கசிந்துகொண்டு இருந்திருக்கிறது. நீவ நீவ இன்னும் கசிந்திருக்கிறது.

நாளை மறுநாள் சேலம் அஸ்தம்பட்டி டாக்டர். அவர் கொடுத்த மாத்திரையில் சர்க்கரை ஏறிவிட்டது. ராட்சசப் பசி. முகம் பூசணி.

அக்டோபர் 8, புதன்

சேலம் போய் வந்தோம். பஸ் வேண்டாம், இடித்துவிடுவார்கள் என்று வீட்டுக்காரி சரசு கார் பிடித்தாள்.

டாக்டர் சின்ன வயசு. பரமத்தி வேலூர்ப் பக்கம், வாழைத் தோட்டக்காரர் மகன். சரசு திரும்பவும் அதையே கேட்டாள்: "ஏனுங்க டாக்டர், இவிங்க வம்சத்துல யாருக்கும் இப்படி இல்லீங்களே?"

"இது வம்சத்துல வர்றது இல்லீங்கம்மா. வயசான காலத்துல புதுசா வர்றது. ரத்தம் உறையறதுக்கு எட்டாம் நம்பர்னு ஒரு சரக்கு வேணும். இவர் உடம்பே அதை எதிரின்னு நெனச்சு அழிக்குது."

"எதுக்குங்க அழிக்குது?"

"பல பேருக்குக் காரணமே தெரியறதில்லீங்கம்மா."

காவலுக்கு வைத்த நாய் வீட்டுக்காரனையே கடிக்கிற கதை.

மாத்திரைக்கு அடங்கவில்லை. போன தடவையை விட மோசம். இனிக் கோயமுத்தூர் போய்ப் படுத்து, வாரம் ஒரு டிரிப் ஏற்றணுமாம். நடுவில் ரத்தம் கசிந்தால் நிறுத்த வேறு ஊசி. அதன் விலையைச் சொன்னார். ஒரு குப்பிக்கு ஒரு கறவை மாடு. எத்தனை குப்பி ஆகும் என்று அவருக்கே தெரியாது.

வரும் வழியில் சரசு விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தாள். அவள் என்ன கணக்குப் போடுகிறாள் என்று எனக்குத் தெரியும்.

அக்டோபர் 11, சனி

வெயில், புழுக்கம். செய்யக்கூடாதவை: சவரம், கடிக்கிற பண்டம், மாட்டுக் கொட்டகை. ஒரு உதை வாங்கினால் முடிந்தது.

குப்புசாமி வந்தான். தரகில் நான் பழக்கிவிட்ட ஆள், சரசுவுக்குத் தம்பி முறை. கையைப் பார்த்து, "என்ன மாமா, இந்த வயசுல பச்சை குத்திக்கிட்டயா?" சிரித்தேன். சிரித்தால் ஈறில் ரத்தம்.

செந்தில் திருப்பூரில் இருந்து போன்: "மாட்ட வித்துரலாங்கப்பா. அம்மாவே சொல்றாங்க."

மாடுகள் சரசுவுடையவை. என் யாவாரத்தில் வந்த ஒன்றுகூட அதில் இல்லை. ஒரு கிடேரியை வைத்து அவள் பெருக்கினது. நான் போன பிறகு மகன் கையை எதிர்பார்க்காமல் அவள் சோறு தின்ன இருக்கிற ஒரே வழி அந்தப் பால்.

குப்புசாமியிடம் சொன்னேன். "உங்கக்கா கேட்டா வாங்கிப்போடாத. வேற எவனையும் உள்ள உடாத."

"செரி மாமா."

அக்டோபர் 14, செவ்வாய்

காலையில் மூக்கில் ரத்தம். நிற்க மதியம் ஆனது. மறுபடி சேலம். ரத்தம் ஏற்றினார்கள்.

நேராகக் கேட்டேன். "கோயமுத்தூர் போனா பொழைப்பனா சாமி?" டாக்டர் சரசுவைப் பார்த்தார். "முயற்சி பண்ணலாங்கய்யா" என்றார். இது விலை இல்லை. இது பேச்சு.

தோளில் கிடந்த துண்டை எடுத்து வலது கை மேல் போட்டு நீட்டினேன். சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டோம். துண்டுக்கடியில் விரலைப் பிடித்துத்தான். பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தெரியாது. "பத்துக்கு எத்தனைன்னு புடிங்க. உங்கப்பா மாடு வாங்கறதப் பாத்திருப்பீங்க."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கையை உள்ளே விட்டார். ஆள்காட்டி விரலைப் பிடித்தார். பஞ்சு மாதிரி. யாவாரி அப்படிப் பிடிக்க மாட்டான். அடுத்த விரலுக்குப் போவார் என்று காத்திருந்தேன். போகவில்லை.

காரில் சரசு: "எத்தனைங்க?"

"அதெல்லாம் வெளிய சொல்றதில்ல."

"உங்களுக்குச் சந்தைக்குச் சோறு கட்டிக் குடுத்தே கெழவி ஆயிட்டேன். நல்ல வெலை படிஞ்சா துண்ட ஒதறித் தோள்ல போடுவீங்க. இன்னைக்கு மடிச்சு மடியில வெச்சிருக்கறீங்க."

"ஒண்ணு."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "டாக்டர் பையன் நல்ல பையன்" என்றாள்.

அக்டோபர் 15, புதன்

தூக்கம் இல்லை. இருமல், லேசான காய்ச்சல்.

சரசுவிடம் சொன்னேன்: பத்தில் ஒன்று என்றால் எந்தத் தரகனும் கை எடுத்துக் கும்பிட்டு நகர்ந்துவிடுவான். போட்ட முதலும் வராது. மாட்டை வைத்துக்கொள்.

"தின்னுட்டுப் பேசுங்க" என்று களியை வைத்தாள்.

தின்றேன். ஒப்புக்கொண்டாள் என்று நினைத்தேன்.

அக்டோபர் 17, வெள்ளி

வெயில். விடிந்ததும் கொட்டகைப் பக்கம் டெம்போ சத்தம். ஜன்னல் வரை சுவரைப் பிடித்துக்கொண்டு போனேன்.

குப்புசாமி கையில் கயிறு. எல்லாம் ஏறிவிட்டது. செவலை மட்டும் பலகையில் கால் வைக்க மாட்டேன் என்கிறது. சரசுதான் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஏதோ சொல்லி ஏற்றினாள்.

"டேய் குப்புசாமி!"

திரும்பினான், முகத்தைப் பார்க்கவில்லை. "அக்கா கால்ல உழுகப் போயிட்டாங்க மாமா. நான் என்ன பண்றது?"

சரசு உள்ளே வந்தாள். கை எல்லாம் சாணி. "கோயமுத்தூருக்குக் கார் ஒம்பது மணிக்கு வருது. சட்டை மாத்திக்கங்க."

"ஒண்ணுக்காகவா வித்த?"

"ஒண்ணு இருக்குதல்லங்க."

கெட்ட யாவாரம். சந்தையில் இதைவிடக் கெட்டதை நான் பார்த்ததில்லை.

பின்பக்கம் தண்ணீர்த் தொட்டியில் கை கழுவுகிறாள். வெகு நேரமாகக் கழுவுகிறாள். பொத்தான் போட இடது கை மடங்கவில்லை. அவளைத்தான் கூப்பிட வேண்டும். அழுது முடித்து வரட்டும்.