துரும்பு ஒடித்ததற்குச் சாட்சி

பாலவனத்தம்
9.6.2024

மச்சானுக்கு,

ரேணுகாதேவி எழுதுகிறேன். தீர்த்துவிட்டவள் கடிதாசி போடுகிறாளே என்று கிழித்துப் போடாமல் கடைசிவரை படியுங்கள். போனில் பேசினால் அதையும் பதிவு பண்ணிக் கோர்ட்டில் போட்டுவிடுவார்கள் என்று வக்கீல் பயமுறுத்துகிறார்.

சுப்புராஜ் என் மேல் கேஸ் போட்டிருக்கிறார். வேறு இடத்தில் பெண் பார்த்தாயிற்று. அதனால் என்னோடு நடந்தது கல்யாணமே இல்லையாம். அவர் தாலி கட்டியபோது நான் சட்டப்படி உங்கள் மனைவியாம். எல்லாம் தெரிந்துதானே கட்டினார்? பதினோரு வருஷம் சோறு பொங்கிப் போட்டு, ஒரு பெண் பிள்ளையையும் பெற்றவளுக்கு நோட்டீஸ். ஊர்க்கூட்டத்தில் நீங்களும் நானும் துரும்பின் ஆளுக்கொரு முனையைப் பிடித்து ஒடித்து, "தீந்துச்சு" என்று சொன்னது கோர்ட்டுக்கு எங்கே தெரியும்?

வக்கீல் பெரிய கோர்ட்டுத் தீர்ப்புகளை வைத்துக்கொண்டு சொல்கிறார். வழக்கப்படி தீர்த்துக்கொண்டது செல்லுமாம். ஆனால் அப்படி ஒரு வழக்கம் காலங்காலமாக இருப்பதை நிரூபிக்க வேண்டுமாம். ஒடித்தவர்களே வந்து சொல்ல வேண்டும். வேறு யாருக்கெல்லாம் அப்படித் தீர்ந்தது என்று பேர் சொல்ல வேண்டும். கூட்டம் கூட்டிய தனுஷ்கோடி மாமாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். நீங்கள்தான் மிச்சம். பிள்ளைக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறதாம், எனக்குத்தான் இல்லையாம். வந்து சொல்லுங்கள் மச்சான். காலில் விழுந்து கேட்கிறேன்.

ரேணுகாதேவி

*

எம்.ரெட்டியபட்டி
23.6.2024

அன்புள்ள ரேணுகாவுக்கு,

வீரபாண்டி எழுதுவது. உன் அப்பா காலில் புண் ஆறியதா? சர்க்கரையைப் பார்க்கச் சொல்.

துரும்பு ஒடித்து மறுதாலி கட்டிக்கொண்ட சங்கரம்மாள் அக்கா வீட்டுக்குப் போய்ச் சாட்சிக்குக் கேட்டேன். "ஏலே, அப்படி ஒரு வழக்கம் இல்லைன்னு கோர்ட்டு சொல்லிருச்சுன்னா நான் யாரு பெண்டாட்டி? பேரன் எடுத்த பெறகு எனக்கு இந்தக் கேவலம் வேணுமா? எம்பேரை எடுத்த, அப்புறம் நான் உசிரோட இருக்க மாட்டேன்" என்று கதவைச் சாத்திவிட்டார். மற்ற வீடுகளிலும் இதே பேச்சுதான். யார் பேரையும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் பண்ணிய பிறகே விட்டார்கள். உன் அம்மா, அழகுத்தாய் அத்தையைக் கேட்டாயா? உன் அப்பாவைக் கட்டுமுன் அவர்களும் துரும்பு ஒடித்து வந்தவர்கள்தானே.

என் வீட்டிலும் தீதான். உன் கடிதத்தை ஈஸ்வரி படித்துவிட்டாள். "அப்ப நான் யாரு? இந்தக் கைப்பிள்ளை யாரு?" என்று அழுகிறாள். ரெண்டு கல்யாணம் பண்ணியவன் என்று என்னை உள்ளே போட்டுவிடுவார்களாம். இங்கே ஒரு வக்கீல் வழி சொன்னார். நீயும் நானும் சம்மதித்துப் பிரிவதாகக் கோர்ட்டில் மனுப் போட்டுவிட்டு, அதன் பிறகு ஈஸ்வரியை முறையாகக் கட்டிக்கொள்ளலாமாம். ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடு.

வீரபாண்டி

*

பாலவனத்தம்
2.7.2024

மச்சானுக்கு,

நல்ல யோசனை சொன்னீர்கள் போங்கள். இன்றைக்கு நாம் சம்மதித்துப் பிரிந்தால், நேற்றுவரை புருஷன் பெண்டாட்டியாக இருந்தோம் என்று நானே எழுதிக் கொடுத்ததாகாதா? சுப்புராஜின் வக்கீல் அதைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடுவார். உங்கள் வீட்டு ஓட்டையை அடைக்க என் கூரையைப் பிரிக்கிறீர்கள்.

அம்மாவைக் கேட்டேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டாள். "உங்கப்பன் கண்ணை மூடுறதுக்குள்ள, நான் அவுகளுக்குப் பெண்டாட்டி இல்லைன்னு காதுல கேட்டுட்டுப் போகணுமாடி?" என்றாள். அதற்குமேல் கேட்காமல் நானும் கீரை உருவ உட்கார்ந்தேன்.

நோட்டீஸில் 'முறையற்ற உறவு' என்று போட்டிருக்கிறது. பிள்ளை அதைப் படித்துவிட்டு, "அப்படின்னா என்னம்மா?" என்கிறாள். என்ன சொல்லட்டும்? எனக்கு உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை. அவள் முகத்துக்காகத்தான் நடமாடுகிறேன்.

ஆகஸ்ட் இருபதாம் தேதி விசாரணை. ஈஸ்வரியின் வாழ்க்கையைப் பிடுங்க நான் வரவில்லை என்று சொல்லுங்கள். வழக்கம் உண்டு என்று தீர்ப்பானால் அவள் தாலியும்தான் நிலைக்கும். வாங்க மச்சான்.

ரேணுகாதேவி

*

எம்.ரெட்டியபட்டி
22.8.2024

ரேணுகாவுக்கு,

நீயே பார்த்தாய். துரும்பு ஒடித்ததை, "தீந்துச்சு" என்றதை, எல்லாவற்றையும் கூண்டில் ஏறிச் சொன்னேன். சுப்புராஜின் வக்கீல் சிரித்துக்கொண்டே, "சரி, உங்க பக்கத்துல வேற யாரு இப்படித் தீத்துக்கிட்டாங்க? ஒரு பேரைச் சொல்லுங்க" என்றார். சங்கரம்மாள் அக்காவின் முகம்தான் முன்னால் வந்து நின்றது. சத்தியம் பண்ணிக் கொடுத்தவன், பேரைச் சொல்லவில்லை. இறங்கி உன் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் பஸ் ஏறிவிட்டேன். என்னைத் திட்டியாவது ஒரு வரி எழுது.

வீட்டுக்கு வந்தால் ஈஸ்வரி இல்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். உன் கையெழுத்தோடு வந்தால்தான் திரும்பி வருவாளாம். மனுவை இத்துடன் வைத்திருக்கிறேன். கேட்க நாக்கூசுகிறது.

வீரபாண்டி

*

பாலவனத்தம்
11.2.2025

மச்சானுக்கு,

தீர்ப்பு வந்துவிட்டது. வழக்கம் நிரூபிக்கப்படவில்லையாம். சுப்புராஜ் கட்டிய தாலி செல்லாதாம். அவர் கோர்ட்டு வாசலிலேயே யாருக்கோ போன் போட்டுச் சிரித்துப் பேசினார்.

உங்களைத் திட்டத்தான் இத்தனை மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். முடியவில்லை. அன்றைக்கு நீங்கள் பஸ் ஏறிய பிறகு என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். அதே கேள்விதான். அம்மா பின் பெஞ்சில் முந்தானையை வாயில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வா என்று நான் கூப்பிடவில்லை, அவளாகத்தான் வந்திருந்தாள். அவள் பேரை மட்டும் சொல்லியிருந்தால் போதும். "எனக்கு யாரையும் தெரியாதுங்கய்யா" என்றேன். எங்கள் வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். அப்பீல் போகலாம் என்கிறார். அங்கேயும் பேரைத்தானே கேட்பார்கள்.

இனிக் கெடுவதற்கு என் கேஸில் ஒன்றும் இல்லை. மனுவில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஈஸ்வரியைக் கூட்டிவந்து, இந்தத் தடவை ரிஜிஸ்டர் ஆபீசில் வைத்துக் கட்டுங்கள்.

மனுவில் என் பேருக்குப் பக்கத்தில் 'மனைவி' என்று டைப் அடித்திருக்கிறது. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் கோர்ட்டுக்கும் வீட்டுக்கும் அலைந்தேன். கிடைத்துவிட்டது, உங்களைவிட்டுப் போவதற்கு.

ரேணுகாதேவி