பொறுமைக்குப் பாராட்டு

செவ்வாய் இரவு, வட்டவளை.

கொய்யா மரத்தில் அட்லஸ் அந்துப்பூச்சி இன்று காலைதான் கூட்டைவிட்டு வெளியே வந்தது. புழுவாக இருந்ததிலிருந்து நான் படம் எடுத்து வருகிறேன். சிறகு காயட்டும் என்று விட்டுவிட்டு வேலைக்குப் போனேன்.

திரும்பி வந்தால், கொழும்பிலிருந்து வந்திருக்கும் தம்பி போனை நீட்டுகிறான். என் பூச்சியைப் படமெடுத்து, பேஸ்புக்கில் அவன் பெயரில் போட்டிருக்கிறான்.

"ப்ரிட்ஜ்ல கொஞ்ச நேரம் வச்சேன்க்கா. அசையாம நின்னுச்சு."

கீழே ஆளாளுக்கு அவன் பொறுமையைப் புகழ்ந்திருக்கிறார்கள். பொறுமையாம்! ஒரு கிழமை, ஏழே நாள்தான் அந்தப் பூச்சிக்கு ஆயுசே.

"பூச்சி எங்கடா?"

"அப்பவே பறந்துருச்சுக்கா."

இப்போது தயிர் எடுக்க ப்ரிட்ஜைத் திறந்தேன். பூச்சி கேக் டப்பாவுக்குள் இருக்கிறது. நாளைக்கும் படம் வேண்டும்போல, தம்பித் துரைக்கு.

அடுப்போரம் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் அசையவில்லை. அவன் குறட்டைதான் கேட்கிறது.