நீ சொன்ன இடத்தில் தண்ணீர்

கம்ப்யூட்டர் திரையில் அந்த வட்டம் நீலமாக இருப்பதைப் பார்த்ததும் கையிலிருந்த டீ லுங்கியில் கொட்டிவிட்டது. ஊத்துக்கோட்டைக்கு அப்பால், ஆந்திர எல்லை மலைக்காட்டின் பழைய சர்வே வரைபடம். வார விடுமுறைகளில் நீயும் நானும் தூக்கிக்கொண்டு அலைந்தோமே, அதேதான். என் மகள் அதன் வண்ணப் பிரதியை இணையத்தில் தேடி எடுத்துவிட்டாள்.

நம்மிடம் இருந்தது வெறும் ஜெராக்ஸ். "டிராயிங்குக்கு கலரு இன்னாத்துக்குப்பா, கோடுதான் பேசும்" என்று கடையில் கறுப்பு வெள்ளையே எடுக்கச் சொன்னவன் நீ. கும்மிடிப்பூண்டி மெஷின் ஷாப்பில் டிராயிங் பார்த்தே பழகிய எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. பிறகு தாளின் ஓரத்தில் எழுத்தில் இருந்த குறி விளக்கத்தைப் படித்தேன். நீல வட்டம் தண்ணீருள்ள கிணறு, கறுப்பு வட்டம் வறண்ட கிணறு. நம் தாளில் வட்டம் கறுப்பு, அதனால் வறண்டது என்று அடித்துச் சொன்னேன். ஜெராக்ஸில் எல்லாமே கறுப்பாகத்தானே வரும் என்று இரண்டு பேருக்கும் உறைக்கவே இல்லை. என்ன புத்தியோ நமக்கு!

கடைசியாகப் போன அன்று பாட்டில் காலி. பெரிய பாறையருகே நின்று நீ மேலே கைகாட்டினாய்.

"சுத்திலும் மேடு, நடுவுல பள்ளம். தண்ணி வேற எங்கப்பா போவும்? அங்கதான் கீது."

"வறண்ட கெணறுன்னு போட்டுக்கீது. பேஜாரு பண்ணாத, எறங்குடா."

நீ என் பின்னால் இறங்கி வந்தாய். அடுத்த மழைக்காலத்துக்குள் மாரடைப்பு உன்னைக் கொண்டுபோய்விட்டது.

நேற்று அனுமதி வாங்கி, அடிவாரத்து ஊர்க்காரர் ஒருவரை அழைத்துக்கொண்டு ஏறினேன். நாம் திரும்பிய பாறையிலிருந்து மணி பார்த்தேன். பதினைந்தே நிமிடம். கல் கட்டிய கிணறு, படியெல்லாம் பாசி, கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர். "கோடையிலயும் வத்தாது நைனா" என்றார் அவர். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. சிரித்தேன், அழுதேன், வயிறு முட்டக் குடித்தேன்.

எத்தனையோ வருடம் ஒரே ஷிப்டில் சண்டை போட்டும் ஒருநாளும் உன்னிடம் ஒப்புக்கொள்ளாததை அங்கே சத்தமாகச் சொன்னேன். "நீ சொன்னதுதான்டா கரெக்டு." யாரிடம் பேசுகிறேன் என்று கூட வந்தவர் சுற்றிப் பார்த்தார்.

அந்தச் சந்தோஷம் இன்னும் அடங்கவில்லை. உன்னை நடக்கவிடாத அந்தப் பதினைந்து நிமிடத்தைத்தான் எங்கே இறக்கி வைப்பது என்று தெரியவில்லை.