உள்பக்கம் திருப்பிய பை

என் வாயாடிக்கு,

நான் தைத்த பைகளை நீ வீடு வீடாகப் போய்ப் பேசியே விற்றாய். நீ கண்மூடியபின் எல்லாம் கட்டிலடியில் கிடந்தன. இப்போது நானே இணையத்தில் விற்கிறேன்!

புதிதாக விற்க வந்தவர்களுக்கென்று போனில் ஒரு குழு இருக்கிறது. என் தையல் தெரியட்டும் என்று பையை உள்பக்கம் திருப்பிப் படமெடுத்துப் போட்டேன். மெழுகுவர்த்தி விற்கும் பெண் ஒருத்தி உடனே கூப்பிட்டாள்.

“அக்கா, வாங்குறவங்களுக்கு வெளிப்பக்கத்தையும் கொஞ்சம் காட்டுங்களேன்!”

சிரித்துச் சிரித்தே எல்லாம் சொல்லிக்கொடுத்தாள். நேற்றோடு பதினொரு பை போய்விட்டது.

“புதுப் படத்துக்கு முதல் லைக் போட்டது யாருக்கா?” என்று கேட்டாள்.

“எங்க வீட்டுக்காரர்” என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

உன் போனில் அழுத்தியது என் விரல்தான். நிஜமாகவே உனக்குப் பிடித்திருக்கிறதா?

உன் ஊமைக்கோட்டான்